வழுக்கையும் முடியனும்

என் அண்ணன் ஹெய்னிக்கு உலகத்தில் இரண்டே வகைக் கடற்பஞ்சுகள்தான். ஒன்று வழுக்கை, இன்னொன்று முடியன்.

இழுவலையின் மடிப்பையை அவிழ்த்ததும் மீனோடு சேர்ந்து மேல்தளத்தில் உருண்டு விழும் அந்தத் தலை அளவு உருண்டைகளை எங்கள் வடகடல் தீவுகளில் கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பொதுவாகச் 'சீஸ்' என்றுதான் சொல்வார்கள். பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். மேலே கெட்டித் தோல், உள்ளே மங்கிய மஞ்சள் சதை, மூக்கைத் துளைக்கும் நாற்றம். மடி நிறையச் சீஸ் வந்த அன்று வலை கிழியும், மீன் நசுங்கும், கப்பலில் வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். ஹெய்னியும் ஏசுவான். ஆனால் ஏசிக்கொண்டே பிரிப்பான். வழவழப்பானதை, விரல் பிரியாத கம்பளிக் கையுறை போட்ட கையால் தூக்கிக் கடலில் எறிவான். சொரசொரவென்று மயிர் முளைத்தது போலிருப்பதை மண்வெட்டியால் தள்ளுவான். கையால் தொட மாட்டான்.

"வழுக்கை சாது. முடியன் கடிக்கும்," என்பான். இருபத்தைந்து வருடக் கடல் அவனுக்கு அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்திருந்தது. அது போதுமானதாகவும் இருந்தது.

எனக்கும் அவனுக்கும் பதினேழு வயது வித்தியாசம். அப்பா கடலில், அம்மா மீன் தொழிற்சாலையில். ஹெய்னி பதினாறு வயதில் கப்பல் ஏறியவன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கடல் தாண்டிப் பெர்கனில் கடல் உயிரியல் படித்தேன். ஆய்வுக்குக் கடற்பஞ்சு வேண்டும் என்று ஒரு தடவை தொலைபேசியில் சொன்னதுதான் தாமதம், ஒவ்வொரு பயணத்திலும் உப்பு வாளியில் நாலைந்து போட்டு எனக்கு அனுப்பத் தொடங்கினான். வாளி மூடியில் எழுதியிருப்பான்: "வழுக்கை மூணு, முடியன் ரெண்டு. 280 மீட்டர் ஆழம். சமையல்காரன் மோந்து பாத்து வாந்தி எடுத்தான்."

என் பேராசிரியருக்கு அந்த மூடிகள் மிகவும் பிடிக்கும். ஆழத்தைச் சரியாக எழுதும் மாலுமி அவருக்கு அதுவரை கிடைத்ததில்லையாம்.

படிப்பு முடிந்து, போன வசந்தத்தில் ஊருக்குத் திரும்பியபோது, அவன் அனுப்பியதில் முஷ்டி அளவே இருந்த ஒன்றைக் கழுவி, தேய்த்து, மாதக் கணக்கில் உலர்த்தி, அவனுக்கே பரிசாகக் கொண்டுவந்தேன். அதில் நூலால் கட்டித் தொங்கவிட்ட சிறு அட்டையில் அருங்காட்சியகத்தில் எழுதுவது போலவே எழுதியிருந்தேன். கெயோடியா பாரெட்டி. வடக்கு மேடு, 280 மீட்டர். பிடித்தவர்: ஹெய்னி. இனங்கண்டவர்: ரன்வா. ரன்வா நான்தான்.

கெயோடியா பாரெட்டி என்பது அவனுடைய வழுக்கையின் அறிவியல் பெயர்.

அவன் அந்த அட்டையை மூன்று முறை வாசித்தான். தன் பெயருக்கு மேலே லத்தீனில் ஒரு பெயர் இருப்பதை விரலால் தடவிப் பார்த்தான்.

"இது கடிக்காதே?"

"அண்ணே, இது காஞ்சு போச்சு. வழுக்கை வேற. ஒண்ணும் செய்யாது."

சமையலறை அடுப்புக்கு மேலே இருக்கும் பலகையில் அதை வைத்தான். அண்ணி சோல்ரூன் அங்கே வைத்திருந்த பூச்சாடி கழிவறை ஜன்னலுக்குப் போனது.

*

ஜூலைக் கடைசியில், ஓலாஃப் திருநாள் நடனத்தில்தான் அவன் கையை நான் முதலில் கவனித்தேன். எங்கள் நடனம் சங்கிலி நடனம். ஆணும் பெண்ணுமாகக் கை கோத்து, பாட்டுக்கு அடி எடுத்து வைத்துச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஹெய்னி நடுவில் நின்று தொண்டை கிழியப் பாடுகிற ஆள். அன்று சங்கிலியின் வால்முனையில் நின்றான். இடது கையை மட்டும் கொடுத்தான். வலது கை சட்டைப்பைக்குள் இருந்தது.

"என்ன ஹெய்னி, வலது கையை யாருக்கோ வாடகைக்கு விட்டுட்டியா?" என்று கத்தினார் தும்மஸ். ஹெய்னி போகும் கப்பலின் தலைவர் அவர்.

"உங்க பொண்டாட்டி கேட்டா. நாளைக்குத் தரேன்னு சொன்னா," என்றான் இவன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கை மட்டும் வெளியே வரவில்லை.

ஆள்காட்டி விரலின் அடியில் ஒரு கட்டி. சுற்றிலும் சிவந்து, தோல் தடித்து, பட்டாணி அளவுக்குக் கெட்டியாக. கடற்பஞ்சின் முள் ஏறினால் கை அரிக்கும், வீங்கும்; அது எங்கள் ஊரில் யாருக்கும் புதிதல்ல. கரையில் பத்து நாள் இருந்தால் வடிந்துவிடும். அவனும் அப்படித்தான் நினைத்தான். கப்பல் இயந்திரப் பழுதுக்காக ஆகஸ்ட்டிலேயே பட்டறைக்குப் போய்விட்டது. நவம்பர் வரை எல்லோருக்கும் கரைதான். ஹெய்னி துறைமுகக் கொட்டகையில் உட்கார்ந்து வலை பின்னினான், ஆடுகளைப் பார்த்தான், உருளைக்கிழங்கு தோண்டினான். ஒரு கடற்பஞ்சைக்கூடப் பார்க்கவில்லை.

கட்டி வடியவில்லை. வளர்ந்தது. செப்டம்பரில் இரண்டாவது கட்டி வந்தது. அக்டோபரில் ஆடு அறுக்கும் நாளில் அவனால் கத்தியைப் பிடிக்க முடியவில்லை, அண்ணிதான் தோலுரித்தாள். "இருபது வருஷமா இவன் பண்ணினதைவிட நான் சுத்தமா பண்ணிருக்கேன் பாரு," என்று என்னிடம் சொன்னவள், அவன் அந்தப் பக்கம் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். விரல் எலும்பின் ஓரத்தில் ஒரு நிழல் தெரிந்தது. டாக்டரம்மா அதிகம் பேசாதவர். கரையில் இவ்வளவு நாள் இருந்தும் வளர்கிறது என்றால் முள்ளாக இருக்க வாய்ப்புக் குறைவு என்றார். கொஞ்சம் சதை எடுத்து டென்மார்க்குக்கு அனுப்பியிருப்பதாகவும், பதில் வர இரண்டு வாரம் ஆகும் என்றும், அது கெட்ட கட்டியாக இருந்தால் விரலை எடுத்துவிடுவதுதான் பத்திரம் என்றும் சொன்னார்.

வலை பின்னுகிறவனுக்கு வலது ஆள்காட்டி விரல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வலை ஊசியைத் தள்ளுவது அந்த விரல்தான். முடிச்சை இறுக்கிப் பிடிப்பது அந்த விரல்தான். ஹெய்னிக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ள அவன் ஆசைப்பட்டதும் இல்லை.

*

செய்தி கேட்டு அந்தச் சனிக்கிழமை டோர்ஷவ்னிலிருந்து பேருந்து பிடித்து அண்ணன் இருக்கும் வெஸ்ட்மன்னாவுக்குப் போனேன். தலைநகரத்தில் எனக்கு ஓர் ஆய்வு நிலையத்தில் தற்காலிக வேலை. நான் போனபோது ஹெய்னி கொட்டகையில் இருந்தான். இடது கையால் வலை பின்னப் பழகிக்கொண்டிருந்தான். முடிச்சுகள் கோணல்மாணலாக இருந்தன.

"வா வா, படிச்சவளே. இதப் பாரு. இந்த ஓட்டை வழியா திமிங்கிலமே போகும்."

"கையைக் காட்டுண்ணே."

காட்டினான். நான் டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகெலும்போ மூளையோ இல்லாத, நாள் முழுக்கத் தண்ணீரை உறிஞ்சித் துப்புவதைத் தவிர வேறெதுவும் செய்யாத ஓர் உயிரைப் பற்றித்தான். ஐந்து வருடம் அதைப் படித்தது எதற்கு என்று அந்தக் கொட்டகையில் நின்று என்னையே கேட்டுக்கொண்டேன். நர்ஸ் வேலைக்குப் படித்திருந்தால்கூட அவன் கையைப் பிடித்து ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"இதுலேருந்து மணல் மாதிரி வருதுடி," என்றான். சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தான். கட்டி உடைந்து வடியும்போதெல்லாம் ஊசி முனையால் எடுத்துச் சேர்த்து வைத்திருந்தானாம்.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"அவங்க கேக்கல. நான் சொல்லல. அழுக்குன்னு நெனச்சிருப்பாங்க. குடும்ப மானம்."

திட்ட வேண்டும்போல் இருந்தது. திட்டாமல் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

*

கடற்பஞ்சை அடையாளம் காண்பது வெளியிலிருந்து பார்த்து முடியாது. ஒரே இனம் ஓரிடத்தில் உருண்டையாகவும் இன்னோரிடத்தில் சப்பையாகவும் வளரும். நிறமும் நம்ப முடியாதது. நம்பக்கூடியது உள்ளே இருக்கும் முட்கள்தான். கடல் நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்து, அது தனக்கென்று கண்ணாடியால் எலும்பு செய்துகொள்கிறது. ஒவ்வொரு இனத்துக்கும் முட்களின் சேர்க்கை வேறு. கொஞ்சம் சதையைத் துணி வெளுக்கும் திரவத்தில் போட்டால் சதை கரைந்து, கண்ணாடி மட்டும் அடியில் தங்கும். அதைக் கழுவி நுண்ணோக்கியில் வைத்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

திங்கட்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் என் அண்ணனின் தீப்பெட்டியை அந்தத் திரவத்தில் கொட்டினேன்.

அடியில் ஏதும் தங்காவிட்டால் டாக்டரம்மா பயந்ததுதான் உண்மை. கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். நுரை அடங்கியது. அடியில் வெள்ளையாக ஒரு நகக்கண் அளவு தூசி.

நுண்ணோக்கியில் பார்த்தபோது நங்கூரங்கள் தெரிந்தன. நீண்ட தண்டு, தலையில் மூன்று கொக்கிகள். பாதி உடைந்தவை, முழுதானவை, கூர்மையான ஊசிகள், பொடி நட்சத்திரங்கள். எல்லாம் கண்ணாடி. எனக்குக் கண் கலங்கி எதுவும் தெரியாமல் போனது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. உருண்டைகள் இல்லை.

வழுக்கையின் தோலில் கண்ணாடி உருண்டைகள் ஆயிரக்கணக்கில் நெருக்கமாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் ரோஜா மொட்டு போலச் செதுக்கியது, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அதுதான் அதன் கெட்டித் தோல். கப்பலில் ஹெய்னி கையால் தூக்குவது வழுக்கையை மட்டும்தான். அங்கே ஏறிய முள் என்றால் ஓர் உருண்டையாவது கூடவே வந்திருக்க வேண்டும். நுண்ணோக்கியில் நான்கு கண்ணாடித் தகடுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. உருண்டை இல்லாமல் நங்கூரமும் நட்சத்திரமும் மட்டும் இருந்தால் அது ஸ்டெல்லெட்டா. தோலுக்கு வெளியே முட்களை நீட்டிக்கொண்டிருக்கும் இனம்.

முடியன். அவன் தொடவே தொடாத முடியன்.

டாக்டரம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "முள் இருக்குன்னு நீங்க சொல்றத நான் நம்பறேன். டென்மார்க்குக்கும் எழுதறேன். ஆனா ஆகஸ்ட்லேருந்து கரையில இருக்கற ஆளுக்கு செப்டம்பர்ல புதுசா எப்படி ஏறும்? அதக் கண்டுபிடிங்க. எங்கேருந்து வருதுன்னு தெரியாம நான் கிழிச்சு எடுத்தாலும் திரும்ப வரும்," என்றார். அவர் கேட்டது நியாயம்.

*

அன்று மாலையே மறுபடி வெஸ்ட்மன்னா. சமையலறையில் தும்மஸ் உட்கார்ந்திருந்தார். கப்பல் பன்னிரண்டாம் தேதி கிளம்புகிறது. ஹெய்னி வருவானா மாட்டானா என்று அவருக்குத் தெரிய வேண்டும். நேரடியாகக் கேட்க முடியாமல், உலர்ந்த ஆட்டிறைச்சியைச் சீவிச் சீவித் தின்றுகொண்டிருந்தார்.

"உன் எடத்துக்கு அந்த வோகுர் ஊர்க்காரன் வரேங்கறான். அவன் பின்ற வலையப் பாத்தா மீனே சிரிக்கும்," என்றார் தும்மஸ்.

"சிரிச்சா வாயத் தெறக்கும். சுலபமா பிடிக்கலாம்," என்றான் ஹெய்னி. குரலில் உயிர் இல்லை.

நான் நேராகக் கேட்டேன். "அண்ணே, முடியனைத் தொட்டியா?"

"என்னடி கேள்வி இது? இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு நாள்கூட தொட்டதில்ல."

"நல்லா யோசி. கொட்டகையில? பழைய வலையில காஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சா?"

"அந்த வலைய நானே அலசினேன்," என்று தும்மஸ் குறுக்கிட்டார். "அதுல ஒரு செதில்கூட கெடையாது."

"ஏன், முடியனா கடிச்சிருக்கு?" என்று ஹெய்னி கேட்டான். தலையாட்டினேன். அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அண்ணி கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். வெளியே மழை. அவள் கையில் ஹெய்னியின் கம்பளிக் கையுறைகள் இருந்தன, சொட்டச் சொட்ட நனைந்து. "ஆட்டுப் பட்டியில விட்டுட்டு வந்திருக்க பாரு," என்று அவனைக் கடிந்துகொண்டே பிழிந்தாள். பிறகு, நாள்தோறும் செய்கிற வேலையை யோசிக்காமல் செய்வதுபோல், அடுப்புக்கு மேலே எட்டி, வலது கையுறையை விரித்து, பலகையில் இருந்த கடற்பஞ்சின் தலையில் குல்லாய் மாதிரி இழுத்து மாட்டினாள். இடது கையுறைக்கு அது போலப் பொருத்தமான எதுவும் இல்லாததால் கம்பியில் தொங்கவிட்டாள்.

நான் எழுந்துவிட்டேன்.

"அண்ணி, இது எப்பலேருந்து?"

"எது?"

"கையுறையை இது மேல மாட்டறது."

"நீ குடுத்த நாள்லேருந்து. ஏன்? இவன் கண்டுபிடிப்புதான். கம்பியில போட்டா சுருங்கிடுது. இதுல மாட்டினா அளவா நிக்குது, அடியிலேருந்து சூடும் ஏறுது. எல்லார்கிட்டயும் பெருமையா காட்டுவான்."

கையுறையைக் கழற்றி உட்புறத்தைத் திருப்பி விளக்கடியில் பிடித்தேன். கம்பளி மயிருக்கிடையில் மெல்லிய மினுமினுப்பு. கடற்பஞ்சை இறக்கி அதன் மேல்பரப்பை விரல் படாமல் ஓரமாகச் சாய்த்துப் பார்த்தேன். மழித்து இரண்டு நாளான முகவாய் போல, அடர்த்தியாக, குட்டைக் குட்டையாக முள் நுனிகள். ரொட்டிக் கத்தியை எடுத்துத் தோலில் ஒரு மூலையை அறுத்தேன். உருண்டை அடுக்கு இருந்தால் கத்தி கரகரவென்று நிற்கும். நிற்கவில்லை. எந்த நுண்ணோக்கியும் தேவைப்படவில்லை.

அட்டை என் கையெழுத்தில் அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கெயோடியா பாரெட்டி. இனங்கண்டவர்: ரன்வா.

நடந்தது இதுதான். எனக்கு வாளியில் வந்தது ஐந்து. ஆய்வுக்கானவற்றை முறைப்படி கரைத்துப் பார்த்தேன். இது வெறும் பரிசுதானே என்று கரைக்கவில்லை. மேலே ஒட்டியிருந்த சேறு போக நன்றாகத் தேய்த்தேன். சேற்றோடு வெளியே நீட்டியிருந்த முட்களும் ஒடிந்து போயின. வழவழவென்று தெரிந்தது. எழுதிவிட்டேன்.

"அண்ணே, இது முடியன்," என்றேன். "நான் தப்பா எழுதிட்டேன்."

தும்மஸ் கத்தியைக் கீழே வைத்தார். ஹெய்னி எழுந்து வந்து, கொஞ்சம் தள்ளி நின்றே, அதைப் பார்த்தான்.

"எனக்கு மொத நாளே தோணுச்சு," என்றான் மெதுவாக.

"என்னது?"

"கையில வாங்கினப்பவே. கனம், உருவம் எல்லாம் முடியன் மாதிரிதான் இருந்துச்சு. சந்தேகமாத்தான் கடிக்காதேன்னு கேட்டேன். நீ வழுக்கைன்ன. அட்டையில லத்தீன்ல வேற எழுதியிருந்த." தோளைக் குலுக்கினான். "படிச்சவ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். இருபத்தைந்து வருடமாகத் தன் கையை நம்பிய ஆள், என் ஒரு துண்டு அட்டைக்காக அதை நம்பாமல் விட்டிருக்கிறான். படிப்பு எங்கள் வீட்டுக்குள் வந்து செய்த முதல் காரியம் அதுவா என்று நினைத்தேன்.

"சரி, அழாத," என்றான் அவன். "அப்ப இது முள்ளுதான? வேற எதுவும் இல்லையே?"

"முள்ளுதான்னு நெனைக்கறேன். டென்மார்க்லேருந்து பதில் வரணும்."

"முள்ளுன்னா எடுத்துடலாம்ல?"

"எடுத்துடலாம்."

அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினான். அண்ணிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அந்த ஈரக் கையுறையாலேயே அவன் முதுகில் அடிக்க ஓங்கினாள். என்ன செய்கிறோம் என்று உணர்ந்து, அலறிக்கொண்டு அதை அடுப்புக்குள் வீசினாள்.

"எட்டு மாசமா இந்த வீட்டுல எதிரிக்குக் குல்லா மாட்டிக்கிட்டு இருந்திருக்கேன்!"

"நல்ல வேளை, இடது கையுறைக்கு இன்னொண்ணு கேக்கல இவன்," என்றார் தும்மஸ்.

*

டென்மார்க்கிலிருந்து பதில் அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. டாக்டரம்மா எனக்கும் சொன்னார். சதைக்குள் கண்ணாடித் துண்டுகள், அவற்றைச் சுற்றி உடம்பு கட்டிய சுவர், வேறு எதுவும் இல்லை. எலும்பின் ஓரத்தில் தெரிந்த நிழல் அந்த வீக்கத்தால் வந்தது. கிழித்துச் சுரண்டி எடுத்தார்கள். பன்னிரண்டாம் தேதி கப்பல் ஹெய்னி இல்லாமல்தான் போனது; வோகுர்காரன் ஒரே ஒரு பயணத்துக்குத்தான் என்று தும்மஸ் எழுதிக் கொடுத்திருந்தார். விரல் நுனி இன்னும் கொஞ்சம் மரத்திருக்கிறது. ஆனால் மடங்குகிறது. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வலை ஊசியை வலது கையில் வைத்துக்கொண்டு, சமையலறை மேசைக் காலில் கயிற்றைக் கட்டி, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் ஒரே அளவு. நான் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடற்பஞ்சைத் தூக்கிப் போடச் சொன்னேன். அண்ணியும் அதையேதான் சொன்னாள். ஹெய்னி ஒத்துக்கொள்ளவில்லை. "என் பேர் போட்டது. எங்கயும் போகாது," என்றான். கடைசியில் அண்ணி, கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிச் சீஸ் மூடியைத் தேடி எடுத்து அதன் மேல் கவிழ்த்தாள். பலகையில் அது இப்போது விருந்துக்கு வைத்த பண்டம் போல உட்கார்ந்திருக்கிறது.

பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தேன். இந்த முறை கரைத்துப் பார்த்திருந்தேன். ஸ்டெல்லெட்டா நோர்மானி. வடக்கு மேடு, 280 மீட்டர். பிடித்தவர்: ஹெய்னி. கடைசி வரியில் பேனா நின்றது.

"என்ன யோசிக்கற?"

"இனங்கண்டவர்ங்கற எடத்துல யார் பேரப் போடறதுன்னு."

"உன் பேருதான். நீதான கண்டுபிடிச்ச?"

நான் எழுதிவிட்டு அட்டையை அவன் பக்கம் நகர்த்தினேன். இனங்கண்டவர்: ஹெய்னியின் வலது ஆள்காட்டி விரல்.

அவன் உதட்டை அசைத்து வாசித்தான். காபியை ஒரு வாய் குடித்தான். அந்த விரலாலேயே எழுத்துகளின் மேல் கோடு இழுத்தான்.

"ஸ்டெல்லெட்டாங்கறதுக்குக் கீழ முடியன்னும் போடுடி," என்றான். "அடுத்து வர்றவனுக்கு லத்தீன் தெரியாம இருக்கலாம்."

போட்டேன்.